தடித்த குருதி

ஐப்பசி 20

பதினைந்து புள்ளி எட்டு.

ஆய்வுக்கூடத்தின் சிறு சாளரம் வழியே என் ஹீமோகுளோபின் எண்ணைச் சொன்னபோது நான் நம்பவில்லை. தாளை வாங்கி என் கண்ணால் பார்த்த பிறகே நம்பினேன். எனக்குக் குருதி இருக்கிறது. வேண்டிய அளவுக்கு இருக்கிறது. வேண்டியதற்கு மேலும் இருக்கிறது.

இந்த மகிழ்ச்சியை அளக்க வேண்டுவோர் மூன்றாண்டுக்கு முன் திருவாரூரில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். அன்று என் குருதி ஏழு. பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்று மேடை மேடையாக முழங்கியவளின் உடலில், ஒரு பிள்ளையைத் தாங்கும் அளவுக்குக் குருதி இல்லை. ஆண் குழந்தை பிறந்தான், தங்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியார், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, எல்லாரும் கேட்கச் சொன்னார்: “ரத்தமில்லாத வயித்துல எது தங்கும்? எம்மவனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்.” அந்தச் சொல்லுக்கு இன்று என் உடல் விடை சொல்லியிருக்கிறது.

இப்போது ஆறாம் திங்கள் நிறையப் போகிறது. ஊர், லடாக்கின் லே. கடல்மட்டத்திலிருந்து பதினோராயிரத்து ஐந்நூறு அடி. என் இணையர் பேச்சிமுத்து இங்கே வானூர்தி நிலையத்தின் வானிலைப் பிரிவில் பணிபுரிகிறார். சித்திரையில் வந்து சேர்ந்தேன். ஒரு மூச்சில் ஒரு தொடரை முடிக்க முடியாத ஊர், மற்றபடி குறையில்லை.

தாளைச் செவிலி ஆங்மோவிடம் நீட்டினேன். லடாக்கியப் பெண். சென்னையில் செவிலியர் படிப்பு முடித்தவள். ஆயாக்களிடம் கற்ற தமிழை அச்சமின்றிப் பேசுவாள்.

“இன்னாக்கா இது, ஏறிக்கினே போவுது?” என்றாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“ஏறினா நல்லதுதானே?”

“கீழ நல்லது. இங்க அப்டி இல்ல. இரும்பு மாத்திர இனிமே வோணாம். நிறுத்திடு.”

எனக்கு நிறுத்தியவள், அடுத்து நின்ற லடாக்கியப் பெண்ணுக்கு அதே சிவப்பு மாத்திரைப் பட்டையை எடுத்துக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசி 23

இட்லி மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. கம்பளியில் சுற்றி அடுப்பருகில் வைத்திருக்கிறேன். துவைத்துக் காயப்போட்ட வேட்டி பலகைபோல் விறைத்து, எடுக்கும்போது தட்டினால் ஓசை எழுந்தது.

திருவாரூரிலிருந்து அக்காள் மலர்க்கொடி அனுப்பிய பொதி வந்தது. முருங்கைக்கீரைப் பொடி, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. நான் முன்பே கேட்டிருந்த இரும்பு மாத்திரைகளும் இருந்தன. அவற்றை அரிசித் தகரத்துக்குள் வைத்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே யாரிடமும் நான் பொய் கூறவில்லை.

ஐப்பசி 28

வீட்டுக்காரம்மா யங்டோலின் மருமகளும் கருவுற்றிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே திங்கள். அவள் இரண்டு கைகளிலும் தண்ணீர்க் கலன்களைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறாள்; மூச்சு வாங்கவில்லை. வயிறு என் வயிற்றைவிடப் பெரிது. நான் ஒப்பிடவில்லை. கண்ணில் பட்டது.

இன்று யங்டோல் என் வயிற்றில் உள்ளங்கையை விரித்து வைத்தார். கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. பிறகு இணையரிடம் இந்தியில் நெடுநேரம் பேசினார்.

“என்ன சொல்றாங்க, முத்து?”

“ஆணா பொண்ணான்னு கேக்காவ.”

“அதைக் கேட்க இவ்வளவு நேரமா?”

“இந்தியில அப்படித்தான். இழுத்துக் கேப்பாவ.”

இந்தி கற்க மாட்டேன் என்று பதினாறு அகவையில் மேடையில் சூளுரைத்தவள் நான். அந்தச் சூளை இன்றுவரை மீறவில்லை. அதற்கான தண்டத்தை இந்த ஊரில் செலுத்திக்கொண்டிருக்கிறேன்: என்னைப் பற்றிய பேச்சு என் எதிரிலேயே நடக்கிறது, எனக்கு விளங்காமல்.

கண்ணேறு என்பது மூடநம்பிக்கை. இதை நூறு மேடைகளில் நிறுவியிருக்கிறேன். யங்டோல் படியிறங்கியதும் சால்வையை வயிற்றின்மேல் இழுத்துக்கொண்டேன். குளிர்.

கார்த்திகை 6

ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் டோல்கர் திரையைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஒரே இடத்தை மூன்றுமுறை அளந்தார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். “ரிலாக்ஸ்” என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவருடைய ஆங்கிலம் எனக்குக் கிடைக்கவில்லை. இணையரைத் தனியே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இந்தியில் பேசினார்.

வெளியே வந்தவரிடம் கேட்டேன்.

“எல்லாம் நல்லாருக்கு, முல்ல.”

“எல்லாம்னா எதெல்லாம்?”

“எல்லாந்தான். வா, தேத்தண்ணி குடிப்போம்.”

பேச்சிமுத்து பொய் சொல்லும்போது தேநீருக்கு அழைப்பார். ஐந்தாண்டு இல்லறத்தில் நான் கற்ற பாடம்.

கார்த்திகை 9

இன்றும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அந்தக் குளிரில் நின்று பேச வேண்டிய பேச்சு என்ன பேச்சு?

கார்த்திகை 15

காத்திருந்தது வந்துவிட்டது. காலை உணவின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார்.

“முல்ல, நீ ஊருக்குப் போயிட்டு வாயேன்.”

“எந்த ஊருக்கு?”

“கீழ எங்கயாச்சும். பனி இறங்கிட்டுன்னா பிளேன் ஓடாது. ரோட்டையும் அடைச்சிருவான். நான் அனுபவத்துல சொல்லுதேன்.”

“நீங்க சொன்ன பனி போன வாரமே விழுந்திருக்கணும்.”

“அது மேகம் திரும்பிட்டு.”

“மேகம் திரும்பும். நீங்களும் திரும்புவீங்க.”

“என்ன பேச்சு இது? பிரசவத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போறதுதான.”

“வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு ஓட்டி விடுற சடங்கெல்லாம் வேண்டாம்னு சொன்னது யாரு? நான் மட்டுமா?”

அவர் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்துச் சிறு துண்டுகளாக்கிவிட்டு, உண்ணாமலே எழுந்து போனார்.

என் வினா ஒன்றே ஒன்று. குருதி நிறைந்திருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவரே கூறுகிறார். பிறகு எதற்காக நான் போக வேண்டும்? வயிற்றோடு கீழே அனுப்பிவிட்டால், அங்கிருந்து திரும்ப அழைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ‘வேற எடம்’ என்ற சொல் கோவில்பட்டியில் இன்னும் சாகவில்லை.

கார்த்திகை 18

அக்காளை அழைத்தேன். என் பக்கம் நிற்க ஒருத்தியாவது வேண்டும்.

“அவர் சொல்றதக் கேளேண்டி” என்றாள் எடுத்த எடுப்பிலேயே. நான் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

“அவர் என்ன சொன்னாரு? உனக்கு எப்படித் தெரியும்?”

“இல்லடி, பொதுவாச் சொன்னேன். அந்த மாத்திரைய நிறுத்திட்டியா? நிறுத்தச் சொன்னாங்களாமே?”

“யார் சொன்னது?”

“நீதான் சொன்ன.”

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

இதுவரை எங்கும் எழுதாத ஒன்றை இன்று எழுதுகிறேன். திருவாரூரில் மயக்கம் தெளிந்து நான் பிள்ளையைக் கேட்டபோது, “கண்ணாடிப் பெட்டிக்குள்ள நல்லாத் தூங்குறான்” என்றார்கள். ஒரு பகலும் ஓரிரவும் அதையே சொன்னார்கள். பால் கட்டி நெஞ்சு நொந்தது; பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனவள் என் அக்காள். கழுவித் திருப்பித் தந்தவர் என் இணையர். பிள்ளையை அதற்கு முன்பே புதைத்திருந்தார்கள்.

என் நலத்துக்காகவே சொன்னார்களாம். என் நலத்துக்காகப் பொய் சொல்லப் பழகிய வாய்கள் இவை இரண்டும். இப்போது இவை இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

கார்த்திகை 24

குருதி, பதினேழு புள்ளி இரண்டு! மாத்திரை வேண்டாம் என்றவர்கள் இதை என்னவென்று சொல்வார்கள்?

முகமும் நிறைந்திருக்கிறது. கன்னக்குழி மறைந்துவிட்டது. கணையாழி விரலிலிருந்து கழலவில்லை; சவர்க்காரம் போட்டும் கழலவில்லை. தாய்மையின் பொலிவு என்று படித்திருக்கிறேன். இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன். காலையிலிருந்து தலைவலி. வீட்டுக்குள் வைத்திருக்கும் புகாரி அடுப்பின் புகைதான் காரணம்.

ஆங்மோ அழையாமல் வீட்டுக்கு வந்தாள். கையில் குருதியழுத்தக் கருவி. அளந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அளந்தாள்.

“அக்கா, தப்பா நெனக்காத. டாய்லெட்டு கறுப்பா போவுதா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“கேள்விதான். பதில் சொல்லு.”

“பேரீச்சம்பழம் சாப்பிடுறேன்.”

“பேரீச்சம்பயத்துக்கு அப்டி போவாதே. மாத்திர எதுனா சாப்புடறியா?”

“நீதான் நிறுத்தச் சொன்னியே.”

அவள் நிறுத்தச் சொன்னது உண்மை. நான் கூறியது உண்மையைத் தவிர வேறில்லை.

“மேடையில பேசறவங்களாம் இப்டித்தான் பதில் சொல்வாங்களா?” என்றாள். “நேரா ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு.”

“இல்லை.”

கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மருத்துவமனைச் செவிலி வீடு தேடி வருவது எதற்காக? யார் சொல்லி வந்தாள்? நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் கிடைக்கும்.

மார்கழி 2

வானூர்தி போய்விட்டது. நான் போகவில்லை.

நேற்று மாலை பயணச்சீட்டைக் காட்டினார். தில்லி வழியாகச் சென்னை. விடுப்பில் தில்லிக்குப் போகும் ஆங்மோ என்னோடு வருவாளாம். சென்னையில் அக்காள் வந்து அழைத்துக்கொள்வாளாம். மருத்துவரின் ஒப்புதல் வாங்கியாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. என்னைத் தவிர எல்லாரும் அறிந்த பயணம்.

காலையில் வண்டி வந்து வாயிலில் நின்றது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் அமர்ந்தேன்.

“எழும்பு, முல்ல. நேரமாவுது.”

“என்கிட்ட மறைச்சு ரெண்டு பேர் செய்யுற ஏற்பாடு எனக்கான ஏற்பாடு இல்ல. காரணத்தைச் சொல்லுங்க, வர்றேன்.”

“காரணம் குளிருதான்.”

“யங்டோல் மருமகளுக்குக் குளிராதா?”

“அவ உடம்பு வேற. நீ வேற. முல்ல, புள்ளைக்கு...” நிறுத்திவிட்டார்.

“புள்ளைக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“புள்ளைக்கு என்னன்னு கேக்குறேன்.”

“நல்லாருக்கு. நல்லாருக்குன்னு சொல்லுதேன்லா!” கத்தினார். ஐந்தாண்டில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. குற்றமுள்ளவன் குரல்தான் உயரும். எதிர்க்கட்சி மேடைகளில் எத்தனைமுறை கண்டிருக்கிறேன்.

ஆங்மோ வாயிலிலிருந்தே சொன்னாள்: “அக்கா, சண்ட அப்பறம் போட்டுக்கலாம், பிளேன்ல ஏறிக்கினு போய்டு. ஒன் கால்ல வுயறேன், வா.”

காலில் விழுவேன் என்கிறாள்! அப்படி என்ன அக்கறை? நான் அசையவில்லை. பெட்டி வண்டியில் ஏறி, வண்டியிலிருந்து இறங்கியது. ஆங்மோவும் போகவில்லை. சிறிது நேரத்தில் வானூர்தி எங்கள் கூரைக்கு மேலே பறந்து சென்றது. பேச்சிமுத்து முற்றத்தில் நின்று, அது மலைக்கு அப்பால் மறையும்வரை பார்த்தார்.

மார்கழி 4

பனி. வானூர்தி இல்லை.

மார்கழி 5

வானூர்தி இல்லை. குழாய் உறைந்துவிட்டது. யங்டோலின் மருமகள் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். நன்றி கூறினேன். ஏன் கொண்டுவந்தாள் என்று தெரியவில்லை.

மார்கழி 6

தலைவலி. கண்ணுக்குள் மின்மினிகள். இந்த வரியை நான் நேராக எழுதுகிறேனா என்பதும் தெரியவில்லை.

மார்கழி 8

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலையிலிருந்து பிள்ளையின் அசைவு குறைந்தது. பசிக்கும் என்று உண்டேன்; இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன்; அசையவில்லை. இணையர் பணியில் இருந்தார். படியிறங்கிப் போய் யங்டோலின் கையைப் பிடித்து என் வயிற்றின்மேல் நானே வைத்தேன். அந்த அம்மாளுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. செருப்பின்றிப் பனியில் ஓடி, அண்டை வீட்டு வண்டியைக் கொணர்ந்தார்.

குருதியழுத்தம் நூற்று எழுபது. மருத்துவர் டோல்கர் வழக்கம்போல் இணையரை நோக்கி இந்தியில் தொடங்கினார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“தமிழில் சொல்லுங்கள்! இது என் வயிறு. எவரும் எவரிடமும் தனியே பேசக் கூடாது!”

மேடையில் எழுந்த குரல், மூன்றாம் தொடரில் மூச்சின்றி அறுந்தது. மருத்துவர் ஆங்மோவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ஒக்காந்து கேளுக்கா” என்றாள் ஆங்மோ. “புள்ள சின்னதா கீது. நாளுக்கு ஏத்த வளத்தி இல்ல. அன்னிக்கி எடுத்த ஸ்கேன்லயே தெரிஞ்சிச்சு.”

“உயிரோட இருக்கா?”

“கீது. கேளு.” கருவியின் ஒலியைக் கூட்டினாள். குதிரை ஓட்டம்போல் கேட்டது. இந்த ஒலி என் வயிற்றிலிருந்துதான் வருகிறதா என்று கருவியின் கம்பியைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தேன். என் வயிற்றில்தான் முடிந்தது.

“எனக்குத்தான் ரத்தம் நிறைய இருக்கே. பதினேழு இருக்கே.”

“அதாங்க்கா பேஜாரு. இங்க காத்துல ஒண்ணியும் இல்ல. கீழேர்ந்து வந்த ஒடம்பு பயந்துக்கினு ரத்தத்த ஏத்திக்கினே போவுது. கஞ்சி கெட்டியானா கொயாவுல எறங்குமா? புள்ளைக்குப் போற ரத்தம் கொறஞ்சிபோச்சு. இப்போ ஒனக்கு பிரஷரும் ஏறி மூஞ்சி, கை, காலு எல்லாம் வீங்கிக் கெடக்குது.”

“உங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு?”

“எங்களுக்கு எத்தினியோ தலமொறையா இங்கியேதான். ஒடம்பு பயகிடுச்சு. ரத்தம் அவ்ளோ ஏறாது; புள்ளைக்குப் போறது போயிக்கினே இருக்கும். எங்கள்லயும் சின்னதா பொறக்குது, செத்தும் போவுது, இல்லேன்னு சொல்லல. ஆனா கீழேர்ந்து வர்றவங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி. அதான் எறங்கிப் போ, எறங்கிப் போன்னு அடிச்சிக்கினோம்.”

“அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு மாத்திரை குடுத்தியே?”

“எந்தப் பொண்ணு?” அவளுக்கு நினைவுக்கு வரச் சிறிது நேரம் பிடித்தது. “ஐய, அதுக்கு ஒம்போதுதாங்க்கா இருந்திச்சு!”

இணையரைத் திரும்பிப் பார்த்தேன்.

“சொல்லக் கூடாதுன்னாக, முல்ல. நீ பயந்தா பிரஷர் ஏறுமாம்.”

“சொல்லாமலே ஏறியிருக்கு.”

தலை குனிந்தார். அவரும் மருத்துவரும் விலகியதும் ஆங்மோவை அருகே அழைத்தேன்.

“அரிசித் தகரத்துல மாத்திரை இருக்கு” என்றேன்.

ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “எத்தினி?”

“காலையில ஒண்ணு. ராத்திரி ஒண்ணு.”

“அம்மாம் தபா கேட்டேனே. நான் ஒனக்கு இன்னாக்கா துரோகம் பண்ணேன்? மாத்திரய திருடி வித்துட்டேன்னு நெனச்சியா?”

“திருடின்னு நினைக்கல.”

“பின்ன?”

நான் கையை நீட்டினேன். அவள் ஊசியைப் போட்டாள். வலிக்காமல்தான் போட்டாள்.

பிறகு மருத்துவர் வந்து சொன்னதை அவளே மொழிபெயர்த்தாள்: “அந்த மாத்திரயால மட்டும் வரலையாம். ஒசரம்தான் பெரிய காரணமாம்.”

அந்த ‘மட்டும்’ என்னும் சொல்லை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். மருத்துவர் அதைச் சொன்னாரா, ஆங்மோ சேர்த்தாளா?

முதல் வானூர்தியில் கீழே அனுப்ப வேண்டுமாம். சாளரத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது.

மார்கழி 9

அழுத்தம் இறங்கவில்லை. வானூர்தி இல்லை. இனிக் காத்திருந்தால் இருவரும் இல்லை என்று என் முகத்தைப் பார்த்தே கூறினார்கள். தாளில் நானே கையொப்பமிட்டேன். வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். எழுதுகோலைக் கேட்கிறாள் ஆங்மோ.

மார்கழி 11

பெண் குழந்தை என்கிறார்கள். ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள நல்லாத் தூங்குறா” என்றார் இணையர்.

அதே சொற்கள். ஒரு சொல்கூட மாறவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன. நல்லாத் தூங்கும் பிள்ளையின் தந்தைக்குக் கண் ஏன் சிவக்கிறது?

கைப்பேசியில் படம் காட்டினார். அணில் அளவில் ஓர் உயிர், மூக்கில் குழாய், தலையில் கம்பளிக் குல்லாய்.

“இது எம் பிள்ளைன்னு எப்படி நம்புறது?”

“முல்ல...”

“அன்னிக்கும் தூங்குதுன்னுதான் சொன்னீங்க. நான் பால் குடுத்தனுப்பினேன். நீங்க கிண்ணத்தைக் கழுவிட்டு வந்தீங்க.”

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் அமர்ந்து அழுதார். அழுகை சான்றாகாது. அன்றும் அழுதிருப்பார், நான் பார்க்காத இடத்தில்.

எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, எழக்கூடாது. அழுத்தம் மறுபடி ஏறுகிறது. யார் வந்தாலும் ஒன்றையே கேட்டேன்: பிள்ளையைக் காட்டுங்கள். யார் வந்தாலும் ஒன்றையே சொன்னார்கள்: பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. அன்றும் எடுக்க முடியவில்லை.

மாலையில் ஆங்மோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருத்துவரிடம் சண்டையிட்டு வாங்கி வந்தாளாம்.

“வா. நீயே பாத்துக்கோ. இல்லாங்காட்டி ஒன் பிரஷரு இந்த ஜென்மத்துல எறங்காது.”

வெப்பமூட்டிய சிறு அறை. மூன்று கண்ணாடிப் பெட்டிகள். நடுவில் இருந்ததைக் காட்டினாள். காலில் கட்டிய பட்டையில் என் பெயர். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மார்பு அசைந்தது. காற்றுக்குழாய் இருந்தால் அசையத்தானே செய்யும். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆங்மோ என்னை அவசரப்படுத்தவில்லை.

பெட்டிக்குள் கிடந்தவள் தும்மினாள்.

மூக்கு சுருங்கி, முகம் முழுதும் கசங்கி, இரு கைகளும் ஒருமுறை தூக்கிவாரிப்போட, ஒரு தும்மல். பிறகு அப்படிச் செய்ததற்காக எங்கள்மேல் சினந்தவள்போல் நெற்றியைச் சுளித்தாள். இறந்தவை தும்மா. எவராலும் எனக்காக நடிக்கச் சொல்லிக்கொடுத்துத் தும்மவைக்க முடியாது.

“முத்து” என்றேன். இணையர் பின்னால்தான் நின்றிருந்தார். “தும்முறா.”

“ஆமா.”

“உண்மையாவே இருக்கா.”

“நான் சொன்னேம்லா” என்றார். பிறகு, “நான் சொன்னா நீ எப்படி நம்புவ” என்று அவரே திருத்திக்கொண்டார். பெட்டியின் வட்டத் துளை வழியே என் விரலை விட்டேன். பிடிக்கவில்லை. விரலைத் தள்ளினாள். தள்ளட்டும்.

மார்கழி 15

எடை ஆயிரத்து நூற்று எழுபது. குறைந்திருக்கிறது. பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் குறைவது இயல்பு என்கிறார்கள். இயல்பு என்பது இவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் சொல்.

மார்கழி 17

ஆயிரத்து நூற்று எழுபது. அக்காள் அழைத்தாள். இம்முறை நான் கேட்பதற்கு முன்பே, “எனக்கு ஒண்ணும் தெரியாதுடி, நீதான் சொல்லணும்” என்றாள். எடையைச் சொன்னேன். இருவரும் அழுதோம். பால் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தேன். கிண்ணத்தோடு நானும் போய், மூக்குக்குழாயில் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதை முடியும்வரை பார்த்தேன்.

மார்கழி 20

காலையில் ஆங்மோ என் வார்டுக்கு ஓடி வந்தாள். “அக்கா, ஏறிக்கிச்சு! ஆயிரத்து நூத்தி தொண்ணூறு!”

இருபது கிராம். ஒரு பேரீச்சம்பழத்தின் எடை இருபது கிராம் இருக்குமா? நான் அவள் முகத்தையே பார்த்தேன். என் அழுத்தம் இறங்கிவருகிறது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று பொய் சொல்லியிருக்கலாம். தராசு பழையது, நேற்று ஒருமுறை அது தானாகவே நடுங்குவதைப் பார்த்தேன்.

“எனக்கு எதிர்ல நிறுத்துக் காட்டு.”

“காட்டறேன் வா.”

“முதல்ல தராசைச் சோதிக்கணும்.”

“இன்னாது?”

இணையரை உணவகத்துக்கு அனுப்பிப் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் போனார், வந்தார். ஆங்மோ தலையில் அடித்துக்கொண்டாள். ஆயினும் பொட்டலத்தை வாங்கி, துணியை விரித்து, பிள்ளையை வைப்பதுபோலவே தராசில் வைத்தாள்.

ஆயிரத்து ஆறு.

“பார், ஆறு கிராம் கூடக் காட்டுது!”

“கவருக்கா! கவரு! பிளாஸ்டிக் கவரு வெயிட்டு இல்லியா?”

அறையிலிருந்த மற்ற இரு தாய்மார்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மொழி தெரியாமலே சிரித்தார்கள். நான் பொட்டலத்தின் உறையை விரல்களால் தடவிப் பார்த்தேன். ஆறு கிராம் இருக்கக்கூடும். ஏற்றுக்கொண்டேன்.

பிறகு என் மகளை வைத்தார்கள். குளிர்ந்த தட்டில் படுத்ததும் கால்களை உதைத்தாள். எண்கள் ஓடின, ஏறின, இறங்கின. ஆங்மோ மூச்சை அடக்கினாள். பேச்சிமுத்து தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். எண்கள் நின்றன.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

“இப்போவாச்சும் நம்பறியா?” என்றாள் ஆங்மோ.

மகளைத் துணியோடு சுற்றி என் நெஞ்சின்மேல் வைத்தாள். சர்க்கரைப் பொட்டலத்தைவிடச் சற்றே கனமாக இருந்தாள், வெதுவெதுப்பாக இருந்தாள்.

“நாளைக்கும் நிறுத்துக் காட்டு” என்றேன்.